பாக்ஸ்டருக்கு ஆக்சிஜன் சென்சார் மாற்றிய கதை

பழைய போர்ஷே வாங்குவது அப்படி ஒன்றும் பெரிய காரியமில்லை. இங்கே நியூ ஜெர்சியில் இருபது வருடம் தாண்டிய பாக்ஸ்டர் ஒன்றை, நன்றாக இருக்கும் ஒரு டொயோட்டா கேம்ரியின் விலைக்கும் குறைவாக வாங்கிவிடலாம். வண்டியின் விலை வருடா வருடம் இறங்கும். உதிரிபாகத்தின் விலை மட்டும் புது வண்டிக்கு இருந்த கெத்திலேயே இருக்கும். இந்த இடைவெளியில்தான் என்னைப் போன்றவர்கள் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்கிறோம்.

என்னுடையது 2001 மாடல். 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், 217 குதிரைத்திறன். சிலிண்டர்கள் மூன்று இடப்பக்கமும் மூன்று வலப்பக்கமுமாகப் படுத்திருக்கும். இன்ஜின் இருப்பது இரண்டு சீட்டுக்கும் பின்னால், பின் அச்சுக்கு முன்னால், வண்டியின் வயிற்றுக்குள். திறந்து பார்க்க மூடி கிடையாது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் முன்பக்கம் திறந்து பார்த்தார், பின்பக்கம் திறந்து பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, ரெண்டு பக்கமும் டிக்கியாவே இருக்கு? இன்ஜின் எங்கே?" என்றார். பின் டிக்கியில் ஆயில் ஊற்றும் வாயையும் கூலன்ட் ஊற்றும் வாயையும் காட்டினேன். "இவ்வளவுதான் மாமா கண்ணுக்குத் தெரியும்." அவருக்குத் திருப்தியில்லை. கண்ணுக்குத் தெரியாத இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆக்சிஜன் சென்சார்கள்தான் இருக்கின்றன. இந்த வண்டியில் மொத்தம் நான்கு.

இன்ஸ்பெக்‌ஷன் தேதி நெருங்கும் நேரம் பார்த்து செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. வேறு எப்போது எரியும்? நியூ ஜெர்சியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன். 2010க்குப் பிறகு சாதாரணக் கார்களுக்கு பிரேக், ஸ்டியரிங் எல்லாம் பார்ப்பதில்லை. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும், வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச உதவும் ஓபிடி சாக்கெட்டில் வயரைச் செருகிப் புகை விஷயத்தை மட்டும் கேட்கிறார்கள். 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் இந்த சாக்கெட் உண்டு. மாநில அரசு நடத்தும் மையத்தில் இது இலவசம். ஆனால் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே போனால் ஃபெயில். பேச்சே கிடையாது.

ஸ்கேனர் இரண்டு கோடுகளை, அதாவது பழுதைச் சொல்லும் எண்களை, காட்டியது. பேங்க் என்றால் ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர்கள், முதல் சென்சார் என்றால் அந்தப் பக்கத்துப் புகைக் குழாயில் முன்னால் இருப்பது. பி0155: பேங்க் 2, முதல் சென்சாரின் ஹீட்டர் வேலை செய்யவில்லை. பி0133: பேங்க் 1, முதல் சென்சார் மெதுவாகப் பதில் சொல்கிறது. பக்கத்தில் உள்ள ஒரு கடையில் கேட்டேன். கோடு எண்களைப் பார்த்த உடனேயே, நான்கையும் மாற்றிவிடலாம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் 'எதற்கும் பார்த்துவிடலாம்' என்று ஒரு தொகை சொன்னார்கள். வண்டி வாங்கிய விலையில் கணிசமான பங்கு அது. வீட்டில் இதைச் சொன்னபோது வந்த பதில் ஒரே வரி: "ஏங்க, இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டா இன்னொரு காரே வாங்கிடலாம்ல?"

கடைக்காரர் சொன்னதில் எனக்கு இடித்தது தொகையைவிட அந்த அவசரம்தான். ஆக்சிஜன் சென்சார் விஷயத்தில் இது ஊரறிந்த வியாதி. கோடில் சென்சாரின் பெயர் இருந்தால் சென்சாரைக் கழற்றி எறிவது. சென்சாருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று: புகையில் ஆக்சிஜன் இருக்கிறதா, இல்லையா. பெட்ரோல் அதிகமா குறைவா என்பது அதற்குத் தெரியாது. அது ஆக்சிஜனைப் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் போடும் கணக்கு அது. ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் விழாமல் போனால் அங்கே போன பெட்ரோல் எரியாமலும் ஆக்சிஜன் செலவாகாமலும் வெளியே வரும். சென்சார் 'ஆக்சிஜன் நிறைய' என்று உண்மையைத்தான் சொல்லும். கம்ப்யூட்டர் 'பெட்ரோல் போதவில்லை' என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஊற்றும். எக்ஸாஸ்ட் குழாயில் சென்சாருக்கு முன்னால் ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் அப்படியே. புகை துடிப்புத் துடிப்பாகத்தான் போகும். இரண்டு துடிப்புக்கு நடுவே வெளிக்காற்று விரிசல் வழியாக உள்ளே இழுபடும், சென்சார் அதையும் எண்ணும். இந்த வண்டிகளில் சிலிண்டர்களிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்ட் குழாயின் போல்ட்டுகள் துருப்பிடித்து உடைவதும், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்கள் வெடிப்பு விடுவதும் சகஜம். இரண்டுமே சென்சார் மேல் பழி விழ வைக்கும்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற செராமிக், அதில் கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு கலந்திருக்கும். ஒரு பக்கம் புகை படும், இன்னொரு பக்கம் வெளிக்காற்று. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் இந்த செராமிக் ஆக்சிஜன் அயனிகளைத் தன் வழியே விடும். இரண்டு பக்கமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் நடுவே ஒரு மின்னழுத்தம் பிறக்கும். அந்தக் கணக்கை 1889லேயே ஜெர்மானிய வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்ட் எழுதிவைத்துவிட்டார். பின்னாளில் அவர் இதே சிர்கோனியா கலவையை வைத்து மின்விளக்கும் செய்தார். 1920க்கான வேதியியல் நோபலும் வந்தது. கார் புகையில் தன் சமன்பாடு போய் உட்காரும் என்று அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் கொஞ்சம் கூடினால் புகையில் ஆக்சிஜன் காணாமல் போகும், சென்சார் 0.8, 0.9 வோல்ட் காட்டும். பெட்ரோல் குறைந்தால் 0.1 வோல்ட்டுக்கு விழும். நடுவில் நிற்கவே நிற்காது, செங்குத்தான சரிவு. அதனால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், சென்சார் மேலே போகும். குறைக்கும், கீழே வரும். சூடான இன்ஜினில் இந்த ஊசலாட்டம் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு இந்த ஊசலாட்டம் தேவை. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரிக்க ஆக்சிஜன் வேண்டும், நைட்ரஜன் ஆக்சைடை உடைக்க ஆக்சிஜன் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் நடக்க வேண்டுமென்றால் 14.7ஐ ஒட்டியே ஆடிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த சென்சாரைக் காரில் முதலில் கொண்டுவந்தது பாஷ் நிறுவனம், 1976ல், அமெரிக்காவுக்குப் போன வால்வோ கார்களில். அந்தக் கார்களின் முன் கிரில்லில் 'லாம்டா சாண்ட்' (இந்த சென்சாரின் இன்னொரு பெயர்) என்று தனி பேட்ஜே குத்தியிருந்தார்கள். புகையை அளக்கும் ஒரு சின்னக் கருவிக்கு அவ்வளவு பெருமை! போர்ஷே 911க்கு அமெரிக்காவில் இது வந்தபோது டாஷ்போர்டில் 'ஓஎக்ஸ்எஸ்' என்று ஒரு விளக்கு வைத்தார்கள். 30,000 மைல் ஓடினால் அது எரியும். சென்சார் நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் அது பார்க்காது. மைலை மட்டும் எண்ணி எரியும். பார்க்காமல் மாற்றும் பழக்கம் மெக்கானிக்குகளுக்கு அங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ. அந்தக் காலத்து சென்சாருக்கு அது நியாயம்தான். ஹீட்டர் கிடையாது, புகைச் சூட்டிலேயே காய வேண்டும், சீக்கிரம் தேய்ந்தது. ஹீட்டர் உள்ளது 60,000 மைல், பின்னால் வந்தவை ஒரு லட்சம் மைல் என்பது பொதுவான கணக்கு. என் வண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியது. முந்தைய உரிமையாளர் கொடுத்த ரசீதுக் கட்டில் சென்சார் மாற்றியதாக ஒரு காகிதம்கூட இல்லை.

ஆக, சந்தேகப்பட நியாயம் இருந்தது. சந்தேகம் வேறு, பார்ப்பது வேறு. லேப்டாப்பை சாக்கெட்டில் இணைத்து வண்டியைக் குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்து கிராஃபைப் பார்த்தேன். பேங்க் 2 முன் சென்சார் 0.45 வோல்ட்டில் ஒரே நேர்கோடாக நின்றது. அது சென்சார் தரும் எண்ணே இல்லை. சென்சார் இன்னும் விழிக்காத நேரத்தில் கம்ப்யூட்டர் தானே வைத்துக்கொள்ளும் எண். கொஞ்ச நேரம் ஆக்சிலரேட்டர் கொடுத்தபின் புகைச் சூட்டிலேயே அது விழித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தது. ஐடிலில் விட்டால் மறுபடி சூடு தணிந்து நேர்கோடாகிவிடும். ஹீட்டர் செத்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பேங்க் 1 வேறு கதை. ஆடியது, ஆனால் சோம்பலாக. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழுந்து, நிதானமாகத் திரும்பி, யாரென்று பார்த்து, அப்புறம் 'என்னப்பா' என்று கேட்கும் பெரியவர் மாதிரி. அது சென்சாரின் சோம்பலா, வேறு எங்காவது ஒழுகும் காற்றா என்று தெரிய ஒரு சோதனை செய்தேன். "பின் டிக்கியில ஆயில் மூடி இருக்குல்ல, நான் சொல்றப்ப அதைத் திற" என்று மனைவியிடம் சொன்னேன். இந்த இன்ஜினில் ஐடிலில் அந்த மூடியைத் திறந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், இன்ஜின் தடுமாறும், புகையில் ஆக்சிஜன் கூடும். நல்ல சென்சார் சட்டென்று கீழே விழ வேண்டும். திறந்தாள். இன்ஜின் குலுங்கியது உடனே. கிராஃப் விழுந்தது நிதானமாக. ஆக்சிலரேட்டரை ஒரு குத்து குத்தியபோதும் அப்படியே, ஏற வேண்டிய இடத்துக்கு ஏறியது, ஆனால் அவசரமில்லாமல். "ஆடுதுங்க வண்டி, மூடட்டுமா?" என்று மூன்றாவது முறை கேட்டபின் மூடச் சொன்னேன். மூடியதும் இன்ஜின் நிதானத்துக்கு வந்தது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தக் கணக்குகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சரியாக இருந்தன, சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகும் மிஸ்ஃபயர் எதுவும் பதிவாகவில்லை, மேனிஃபோல்ட் பக்கம் டிக் டிக் சத்தமும் இல்லை. அப்படியானால் சென்சார்தான்.

பின் ஜோடி இரண்டும் கன்வர்ட்டருக்குப் பின்னால் 0.7 வோல்ட்டை ஒட்டி ஆடாமல் நின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும். கன்வர்ட்டருக்குள் இருக்கும் சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனை வாங்கி வைத்து வைத்துக் கொடுப்பதால் முன்னால் உள்ள ஊசலாட்டம் பின்னால் அடங்கிவிடும். பின் சென்சாரின் முக்கிய வேலை கன்வர்ட்டருக்குக் காவல் இருப்பது. அதையும் மாற்றச் சொன்ன கடைக்காரரிடம் காரணம் கேட்க இனி நான் போகப் போவதில்லை.

இப்போது பேங்க் 2 எந்தப் பக்கம்? ஆபீஸ் நண்பன் ஒருவன் உதவிக்கு வந்தான். கோயம்புத்தூர்க்காரன், ஊரில் அண்ணனின் வொர்க்‌ஷாப்பில் வளர்ந்தவன். போனில் தேடிப் பார்த்துவிட்டு, "மச்சி, பேங்க் 1 டிரைவர் பக்கம், பேங்க் 2 பாசஞ்சர் பக்கம்னு தெளிவா போட்ருக்கான்" என்றான். தெளிவாகத்தான் போட்டிருந்தது, ஆனால் 911க்கு. அந்தக் காலத்து 911க்கும் பாக்ஸ்டருக்கும் ஒரே குடும்பத்து எம்96 இன்ஜின். 911ல் அது பின் அச்சுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் முன்னால். பாக்ஸ்டரில் இன்ஜின் அச்சுக்கு முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். அதாவது முழு இன்ஜினையும் அரைச்சுற்றுத் திருப்பி வைத்திருக்கிறார்கள். இன்ஜின் திரும்பினால் ஒன்று முதல் மூன்று வரையுள்ள சிலிண்டர்களும் பக்கம் மாறும். பாக்ஸ்டரில் பேங்க் 1 அமெரிக்கக் கணக்கில் பாசஞ்சர் பக்கம், வலது. பேங்க் 2 இடது. மல்டிமீட்டரும் அதையே சொன்னது. பாஷ் சென்சாரில் நான்கு வயர்: வெள்ளை இரண்டும் ஹீட்டருக்கு, கறுப்பு சிக்னல், சாம்பல் அதன் கிரவுண்ட். வலப்பக்க சென்சாரின் வெள்ளை வயர்களுக்கு நடுவே சில ஓம் காட்டியது. இடப்பக்கத்தில் ஒன்றும் இல்லை, உள்ளே அறுந்துபோயிருந்தது. சென்சார் வயரை வண்டி வயரோடு இணைக்கும் கப்ளரின் வண்டிப் பக்கத்தில் 12 வோல்ட் வந்துகொண்டிருந்தது, எனவே ஃப்யூஸும் வயரிங்கும் நிரபராதி. ஹீட்டர் கோடு வந்தால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். ஒரு டாலரில் முடிகிற வேலை சில சமயம்.

முன் ஜோடி மட்டும் வாங்கினேன். இரண்டும் ஒரே வயது, ஒன்று போய்விட்டது, மற்றது போகிற வழியில். இரண்டையும் சேர்த்து மாற்றுவதே சரி. போர்ஷே பெட்டியில் வருவதும் பாஷ், உதிரிபாகக் கடையில் அதே பாஷ் பாதிக்கும் குறைவான விலைக்கு. இணையத்தில் அதைவிட அநியாய மலிவாகவும் கிடைக்கும், போலிகள் உலவும் பொருள் இது, அந்தப் பக்கம் போகவில்லை. கப்ளர் இல்லாமல், வயரை வெட்டி ஒட்டவைக்கிற 'யுனிவர்சல்' வகையும் உண்டு. நண்பனுக்கு அதுதான் பிடித்திருந்தது. "நாலு வயருதானே, ஈயம் வெச்சு அடிச்சிரலாம் மச்சி." ஆனால் ஈயம் வைக்கவே கூடாத இடம் இது. செராமிக்கின் ஒரு பக்கத்துக்கு வெளிக்காற்று வேண்டும் என்றேனே, இந்த வகை சென்சாருக்கு அது போவது வயர் வழியாகத்தான். செம்பு இழைகளுக்கு நடுவே இருக்கும் நூலளவு இடைவெளியில் காற்று உள்ளே போகிறது. ஈயம் உருகி அந்த இடைவெளியை அடைத்தால் சென்சாருக்கு மூச்சு நின்றுவிடும். கப்ளருக்குள் கான்டாக்ட் ஸ்ப்ரே, கிரீஸ் அடிக்கக் கூடாது என்பதும் இதனால்தான். கப்ளரோடு வருவதையே வாங்கி, பிரித்ததும் பழையதின் பக்கத்தில் வைத்து வயர் நீளம் பார்த்தேன். முன்னதற்கும் பின்னதற்கும் நீளம் வேறு. குட்டையானது வந்தால் எட்டாது, நீளமானது வந்தால் தொங்கி எக்ஸாஸ்ட்டில் உரசி உருகும்.

இனி வேலை. முந்தின இரவே நான்கு ஜாக்கி ஸ்டாண்டில் வண்டியை ஏற்றி, சென்சார் மரையில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இதை எத்தனை தடவை எழுதினாலும் தகும். காலையில் இன்னொரு முறை எண்ணெய். ஸ்டாண்டில் இருக்கும்போதே இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, குழாய் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தேன். இளஞ்சூட்டில் மரை இளகிக் கொடுக்கும். கொதிக்கிற சூட்டில் கை போகும், முழுக்கக் குளிர்ந்தால் இரும்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

கப்ளர்கள்தான் முதல் தொல்லை. இருபது வருடச் சூட்டில் பிளாஸ்டிக் அப்பளமாகியிருந்தது. கிளிப்பைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். சென்சாரின் தலை 22 மி.மீ. வயர் நுழைவதற்காகப் பக்கத்தில் வெட்டு விட்ட சிறப்பு சாக்கெட் ஒன்று கடைகளில் கிடைக்கும். புது சென்சார் மாட்ட அது போதும். துருப்பிடித்த பழையதைக் கழற்ற அது லாயக்கில்லை. பலம் கொடுத்தால் அந்த வெட்டு விரிந்து, சென்சாரின் முனைகளை மழுக்கிவிடும். எப்படியும் குப்பைக்குப் போகிற சென்சார், வயரை வெட்டிவிட்டு முழு ரிங் ஸ்பேனரைப் போடுவதுதான் வழி. நண்பன் இதில் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இடப்பக்கத்து சென்சார், ஹீட்டர் செத்தது, ரிங் ஸ்பேனரின் ஒரே தள்ளில் 'டக்' என்று விட்டது. வலப்பக்கம் விடவில்லை. இந்த இடத்தில் பொறுமை இழந்தவர்கள்தான் எக்ஸாஸ்ட் குழாயையே மாற்றுகிறார்கள். கால்சுற்றுத் திறந்து இறுகினால் இன்னும் தள்ளக் கூடாது. எண்ணெய் அடித்து, திரும்ப ஒரு மயிரிழை உள்ளே முறுக்கி, மறுபடி வெளியே. உள்ளே, வெளியே. மாநிலம் முழுக்கக் குளிர்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பின் பலனை நியூ ஜெர்சியில் வண்டிக்கு அடியில் படுத்தால்தான் முழுசாக அனுபவிக்க முடியும். முகத்தில் துரு கொட்டிக்கொண்டே இருந்தது, கண்ணாடி போட்டுக்கொண்டது நல்லதாகப் போயிற்று. கடைசியில் வெளியே வந்தபோது சென்சாரின் மரையில் வெள்ளியாக ஒரு கீறல். குழாய்ப் பக்கத்து மரையின் முதல் இரண்டு சுற்று நசுங்கியிருந்தது.

இதற்கு 18க்கு 1.5 அளவில் ஒரு மரை சீராக்கி உண்டு. பழைய 18 மி.மீ. ஸ்பார்க் பிளக்குக்கும் அதே அளவு என்பதால் உதிரிபாகக் கடையிலேயே இரவல் கிடைத்தது. முழு விலையை முன்பணமாகக் கொடுத்து, திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் வாபஸ். அமெரிக்காவில் எனக்குப் பிடித்த ஏற்பாடுகளில் இதை முதல் ஐந்துக்குள் வைப்பேன். சீராக்கியின் பள்ளங்களில் கெட்டி கிரீஸ் அப்பிக்கொண்டு முறுக்கினால் இரும்புத் துகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும், குழாய்க்குள் விழாது.

புது சென்சாரின் மரையில் கம்பெனியிலேயே ஒரு பேஸ்ட் தடவித்தான் வருகிறது. அதற்கு மேல் கண்டதைத் தடவ வேண்டாம். முனையில் விரல்கூடப் படக் கூடாது. கீழே விழுந்தால் அதை மாட்டக் கூடாது, வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே செராமிக் விரிசல் விட்டிருக்கும். கையால் சில சுற்று முறுக்கி, மரை ஒழுங்காகப் பிடிக்கிறது என்று தெரிந்தபின்தான் ஸ்பேனர். பாஷ் சொல்லும் இறுக்கம் 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். நேராக டார்க் ரெஞ்ச் போக இடமில்லை, காக்கைக்கால் போன்ற திறந்த துண்டைச் செருகித்தான் போட வேண்டும். அதை ரெஞ்சுக்குச் செங்கோணமாக வைத்தால்தான் ரெஞ்சில் காட்டும் எண் உண்மை. நீட்டி நேராக வைத்தால் காட்டுவதைவிட அதிகமாக இறுகிவிடும். வயரைப் பழைய கிளிப்புகளிலேயே ஓட்டி, டிரைவ் ஷாஃப்ட் பக்கமும் குழாய்ப் பக்கமும் போகாமல் கட்டினேன்.

கழற்றிய சென்சார்களின் முனையைப் பார்க்காமல் எறியாதீர்கள். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக மாவு பூசியதுபோல் இருந்தால் சிலிக்கா. யாரோ தப்பான சிலிக்கோன் சீலன்ட் போட்டிருக்கலாம், அதன் ஆவி எரிந்து மணலாகி முனையை மூடும். என்னுடையவை வெளிர் பழுப்பு. நல்ல சாவு.

ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் புகைந்தது, பயப்படத் தேவையில்லை. கோடுகளை அழித்து கிராஃபைத் திறந்தால், இரண்டு பேங்கும் மேலும் கீழும் படபடவென்று போய்வந்தன. குளிர்ந்த ஸ்டார்ட்டில் வந்துகொண்டிருந்த பெட்ரோல் நாற்றம் போய்விட்டது. மைலேஜ் எகிறியதா என்று நண்பன் கேட்டுக்கொண்டே இருந்தான். 'சென்சார் மாற்றினால் பத்து பதினைந்து சதவீதம் மிச்சம்' என்கிற விளம்பரத்தை நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள். எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மாறவில்லை.

கோடை அழித்த கையோடு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போக முடியாது. அழிக்கும்போது கம்ப்யூட்டரின் சுயசோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்று திரும்பிவிடும். பேட்டரியைக் கழற்றினாலும் இதே கதி. இன்ஸ்பெக்ஷனுக்குப் போகும்போது 2001 மாடலிலிருந்து ஒரு சோதனை மட்டும் பாக்கி இருக்கலாம், 1996 முதல் 2000 வரை இரண்டு. சென்சார், கன்வர்ட்டர் சோதனைகள் முடிய இரவு முழுக்கக் குளிர்ந்த ஸ்டார்ட்டும் சீரான வேகத்தில் நெடுஞ்சாலை ஓட்டமும் வேண்டும். பெட்ரோல் ஆவிச் சோதனை, டேங்க் ததும்பினாலும் நடக்காது, வற்றினாலும் நடக்காது. வேலைக்குப் போகும் வழியை விட்டு 287ஆம் நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே போய்வந்தேன், மேல்மூடியைத் திறந்துவிட்டு. சட்டமே கட்டாயப்படுத்துகிற ஸ்போர்ட்ஸ் கார் சவாரி! வீட்டிலும் ஆட்சேபணை எழவில்லை. ஸ்டிக்கர் கிடைத்துவிட்டது.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் வாங்கிய உங்கள் பெட்ரோல் பைக்கின் சைலன்சர் குழாயிலும் பெரும்பாலும் இதே சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அளவு சின்னது, வேலை அதேதான். வேறு சைலன்சர் மாட்டும்போது அதைத் தொங்கவிட்டுவிட்டு 'வண்டி இழுக்கல' என்றால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

பின் ஜோடியை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். அவற்றின் கிராஃபும் முன்னதைப்போல ஆட ஆரம்பித்தால் பி0420, பேங்க் 2 என்றால் பி0430, வரும். அதற்கு அர்த்தம் பெரும்பாலும் கன்வர்ட்டர் தளர்ந்துவிட்டது என்பது. அப்போதும் பின் சென்சாரை மாற்றச் சொல்லி ஒருவர் வருவார். சென்சாருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு துண்டை வைத்து அதை ஏமாற்றச் சொல்லி இன்னொருவர் வருவார், அது சட்டப்படி குற்றம். கன்வர்ட்டர் கெடுவது பெரும்பாலும் மிஸ்ஃபயரில் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிவதாலோ, இன்ஜின் ஆயில் குடிப்பதாலோதான். காயில்களில் இரண்டின் ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தபோது மெல்லிய வெடிப்பு தெரிகிறது. ஆறுக்கும் ஆர்டர் போட்டாயிற்று.